பெயர்ச்சீட்டில் இல்லாத கை: ஆடை அருங்காட்சியகங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

வெளிநாடு போய்வந்த தமிழர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் அநேகமாக ஓர் இடம் வந்துவிடும். லண்டனிலோ பாரிசிலோ ஓர் அருங்காட்சியகம். விளக்கொளியை மட்டுப்படுத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துணியை விரித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் சிறிய பெயர்ச்சீட்டு: சோழமண்டலக் கரை, 18ஆம் நூற்றாண்டு, பருத்தி, இன்னார் வழங்கியது. எழுத்தாளர் நெகிழ்ந்துபோவார். நம்ம ஊர்த் துணிக்கு இங்கே எவ்வளவு மரியாதை, நமக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடை. அதே பூவேலையை அச்சடித்த கழுத்துத் துண்டு பவுண்டுக் கணக்கில் விற்கும். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைப்பார். கட்டுரை முடிந்தது.

போகிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டு நாலு நல்ல வார்த்தை எழுதினால் உனக்கென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெருமைப்படுவதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெருமிதத்தையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் சில விஷயங்கள் பிடிபடுகின்றன. 'நம்ம' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? துணி நம்முடையது என்றால் அதை நெய்தவர் யாருடையவர்? கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது வந்த இந்த மரியாதை, ஊரில் தறிக்குழிக்கு முன்னால் நின்றபோது ஏன் வரவில்லை?

இதை எழுதுகிறவன் இருப்பது உத்திரமேரூரில். இங்கிருந்து காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர். இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தறிச் சத்தம் புதிதல்ல. லண்டனில் 'பாரம்பரியம்' என்று தெரிவது இங்கே 'கூலி' என்று தெரிகிறது. ஒரே துணிக்கு இப்படி இரண்டு பெயர் எங்ஙனம் வந்தது என்பதே இக்குறிப்புகளின் விஷயம்.

2

அருங்காட்சியகம் துணியைப் பாதுகாக்கும் இடம் என்று நினைக்கிறோம். அதன் வம்சாவளியைத் தேடிப் போனால் முதலில் கையில் தட்டுப்படுவது கத்தரிக்கோல்.

1734 வாக்கில் பொல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் தங்கி, துணியில் பூவெழுதிச் சாயமேற்றும் வேலையைக் கட்டம் கட்டமாகக் கவனித்து எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சேர்த்துக்கொண்டார். பாரிசில் இருந்த ஒரு வேதியியலாளருக்காகச் செய்த வேலை இது. துண்டுகளோடு கூடிய அந்தக் கையெழுத்துப்படி இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கிறது. 1742இல் கூர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார் இதே வேலையை விரிவாகக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். கடுக்காயை அரைத்து எருமைப்பாலில் கலந்து துணியை ஊறவைப்பதில் தொடங்கி, படிக்காரம், சாயவேர் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவருக்கு யார் சொன்னது? புதிதாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த தொழிலாளிகள். கடிதத்தில் அவர்கள் 'புதுக் கிறிஸ்தவர்கள்' என்ற அளவில்தான் வருகிறார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கிற காதே தொழில் ரகசியத்தையும் கேட்டது.

அப்போது பிரான்சில் இந்தியத் துணிக்குத் தடை இருந்தது. 1686இல் விதித்த தடை 1759இல்தான் நீங்கியது. அடுத்த ஆண்டே, 1760இல், பாரிசுக்கு அருகே ஜுய் என்ற ஊரில் ஒபர்காம்ப் தன் அச்சுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். இன்று அந்த ஊரில் அச்சுத்துணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நம் பயணி அங்கே போனால் பிரெஞ்சுக் கலை என்று பார்த்துவிட்டு வருவார். தவறில்லை. அது பிரெஞ்சுக் கலையும்தான். கடுக்காயும் எருமைப்பாலும் ஞானஸ்நானமும் அதில் கரைந்துபோயிருக்கின்றன என்பது பெயர்ச்சீட்டுக்குள் அடங்காத சங்கதி.

இதன் உச்சம் 1866. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் அப்போது இருந்தவர், 18 தொகுதிகள் கொண்ட ஒரு நூல் வரிசையை உருவாக்கினார். அதில் எழுத்து குறைவு, துணி அதிகம். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சேர்ந்த துணிகளை வெட்டி ஒட்டிய 700 மாதிரிகள். இப்படி 20 வரிசைகள் தயாராயின. 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. லங்காஷயர் பஞ்சாலை நகரமான பிரஸ்டனுக்குப் போன வரிசை இன்று அங்குள்ள ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நோக்கத்தை வாட்சன் மறைக்கவில்லை. இந்தியர் எதை, எப்படி, எந்த நீள அகலத்தில் உடுத்துகிறார்கள் என்று தெரிந்தால் பிரிட்டிஷ் ஆலைகள் அதையே செய்து அவர்களுக்கு விற்கலாம். இந்த 20 வரிசைகளையும் 20 தொழில் அருங்காட்சியகங்களாகவே அவர் கருதினார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. புடவையும் வேட்டியும் தலைப்பாகையும் தறியிலிருந்து இறங்கியபடியே உடம்புக்குப் போகிறவை. கத்தரி படாதவை. முதல் வெட்டு விழுந்தது அறிவுச் சேகரிப்பின் பெயரால். புடவை 'மாதிரி' ஆயிற்று. இந்தியாவை அறிவதும் ஆள்வதும் ஒன்றுக்குள் ஒன்றாக நடந்ததைப் பேசிய மானிடவியலாளர் பெர்னார்ட் கோன், அருங்காட்சியகத்தையும் அந்த அறிதல் முறைகளில் ஒன்றாகவே வைத்தார். காலனியத்தின் துணிச் சொல்லாடல் முழுவதும் இந்தக் கத்தரித் துண்டுக்குள் மடிந்து கிடக்கிறது. 1879இல் அந்த இந்திய அருங்காட்சியகம் கலைக்கப்பட்டு, அதன் சேகரிப்பின் பெரும்பகுதி, இன்று விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் எனப்படும் சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. நம் எழுத்தாளர் நெகிழ்ந்து நின்ற கண்ணாடிப் பெட்டிக்கு இப்படி ஒரு பூர்வோத்தரம் உண்டு.

3

சரி, அவர்கள் வெள்ளைக்காரர்கள், கொள்ளையடித்தார்கள், நாமே ஓர் அருங்காட்சியகம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வைத்தோம்.

1949இல் அகமதாபாத்தில் கேலிகோ ஆடை அருங்காட்சியகம் தொடங்கியது. நேரு திறந்துவைத்தார். இப்படி ஒன்று வேண்டும் என்று சாராபாய் குடும்பத்துக்கு யோசனை சொன்னவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்த தமிழர், 1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைக்குப் பொறுப்பாக இருந்தவர். யோசனையைச் செயல்படுத்திய சாராபாய் குடும்பத்தாருடையது கேலிகோ மில். கைத்தறியின் சந்தையை ஆலைத் துணி விழுங்கிய ஒரு காலத்தில், கைத்தறித் துணிக்கு அருங்காட்சியகம் வைக்கும் வசதியும் ஆலைக்கே இருந்தது. இதைக் கபடம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அந்தச் சேகரிப்பு இல்லையென்றால் எத்தனையோ துணிகள் மண்ணாகிப்போயிருக்கும். ஆனால் ஆலைமுதலாளி கைத்தறியைக் காதலிக்கிறபோது, அந்தக் காதலுக்குள் தறிக்காரருக்கு என்ன இடம் என்று கேட்டாக வேண்டும்.

குமாரசாமியின் எழுத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 1909இல் வந்த இந்தியக் கைவினைஞரைப் பற்றிய அவருடைய நூல், கிராமத்திலும் தொழிற்குழுவிலும் சாதி அமைப்பிலும் கைவினைஞர் பாதுகாப்பாக வாழ்ந்தார் என்ற சித்திரத்தைத் தருகிறது. மரபான கலையில் கலைஞன் தன் பெயரைப் பொறிப்பதில்லை, பெயரின்மையே அதன் மேன்மை என்பதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. மேற்கின் தனிமனிதக் கலைஞன் என்ற தொன்மத்துக்கு எதிராக அவர் வைத்த வலுவான வாதம் அது. பாஸ்டனில் அது விமர்சனமாக இருந்தது. காஞ்சிபுரத்துக்கு வந்தபோது கூலிச்சீட்டில் பெயர் இல்லாததற்கும் அதுவே நியாயமாகிவிட்டது.

உண்மையில் நம் மரபில் நெசவாளர் அப்படிப் பெயரற்றுத்தான் இருந்தார்களா? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு. காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலைப் பற்றியது. கச்சிப்பேட்டில் நெசவாளர் வாழ்ந்த நான்கு குடியிருப்புகளை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. கோயிலின் காரியங்களையும் கணக்கையும் பார்க்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கிறது. விஜயநகரக் காலத்தில் கைக்கோளர்கள் தண்டும் சங்கும் தங்களுக்கு உரிமை என்று வாதாடிப் பெற்றதை, தென்னிந்திய நெசவாளர் குறித்த விஜயா ராமசாமியின் 1985ஆம் ஆண்டு நூல் விவரிக்கிறது. கணக்கு எழுதியவர்கள், உரிமை கேட்டவர்கள், சாதிக்குள்ளேயே மேலே ஏறப் பார்த்தவர்கள். இவர்களை 'பெயரற்ற கைவினைஞர்' ஆக்கியது மரபா, மரபைப் பற்றிய நவீனக் கதையாடலா?

4

இனி கோர்வைக்கு வருவோம். காஞ்சிப் பட்டைப் பற்றிப் பேசுகிற எந்தப் பெயர்ச்சீட்டிலும் விளம்பரத்திலும் இந்தச் சொல் வரும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கரை தனியாகத் தைத்ததுபோல் பளிச்சென்று நிற்கும். கிழித்தாலும் பிரியாது என்பார்கள். அருங்காட்சியக மொழியில் இது ஒரு 'நுட்பம்'.

தறியில் இது எப்படி நடக்கிறது? உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. அதனால் ஓரத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். நாடாவை வாங்கி, கோத்து, திருப்பித் தர வேண்டும். ஒவ்வோர் ஊடைக்கும். நாள் முழுக்க. அந்த ஆள் பெரும்பாலும் யார்? மனைவி. இல்லையென்றால் பிள்ளை. வீட்டில் பிள்ளை இல்லையென்றால் அடுத்த வீட்டுப் பிள்ளை, கிராமத்திலிருந்து வந்த பிள்ளை, பெற்றவர் வாங்கிய முன்பணத்துக்காக வந்த பிள்ளை. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் வாரணாசியோடும் கர்நாடகத்தோடும் காஞ்சிபுரமும் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல். சட்டம் தறிக்குழிக்குள் இறங்கி வர எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை இந்தத் தேதிகளே சொல்லும்.

ஆகவே கோர்வை என்பது ஒரு நுட்பத்தின் பெயர் மட்டுமில்லை, ஓர் உழைப்பு உறவின் பெயரும்கூட. இரண்டு நிறம் சேரும் அந்தக் கோட்டில் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கூலி, இன்னொருவருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. அருங்காட்சியகம் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கும்போது முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறது. இப்போது கிராமத்தில் கேட்டால், "கோர்வைக்கு ஆள் கிடைக்கல சார், பசங்க படிக்கப் போயிட்டாங்க" என்பார்கள். குரலில் வருத்தமும் இருக்கும், நிம்மதியும் இருக்கும். கோர்வை இல்லாத புடவைகள் பெருகியதற்கு இது ஒரு காரணம். 'மறையும் கலை' என்று நகரத்துப் பத்திரிகைகள் புலம்பும்போது, மறைவதில் ஒரு பங்கு அந்தப் பிள்ளையின் உழைப்பு என்பதையும் சேர்த்துப் புலம்பினால் நல்லது.

லண்டன் அருங்காட்சியகம் செய்முறையைக் காட்டாமல் இல்லை. 2015 அக்டோபர் முதல் 2016 ஜனவரி வரை அங்கே நடந்த இந்தியத் துணிகளின் பெரிய கண்காட்சியில் சுமார் 200 பொருட்கள் இருந்தன. திப்புவின் கூடாரம் இருந்தது. இழை, சாயம், நெசவு என்று செய்முறைக்கும் இடம் இருந்தது, காலனியத்துக்கும் கதருக்கும்கூட இடம் இருந்தது. இது ஃபோர்ப்ஸ் வாட்சன் காலத்திலிருந்து வெகுதூரம் வந்த இடம், மறுக்கவில்லை. ஆனால் செய்முறை என்பது கையும் கருவியும். வேலை என்பது அதற்கு மேல்: பாவு யாருடையது, பட்டும் ஜரிகையும் யார் கொடுத்தது, முதலாளி தந்த முன்பணம் எவ்வளவு நிலுவை, புடவையில் ஒரு குறை கண்டால் கூலியில் எவ்வளவு பிடிப்பு. செய்முறையைப் படம் பிடிக்கலாம். கடனைப் படம் பிடிக்க முடிவதில்லை.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று நிற்கிறது. திண்ணை, கூடம், எல்லாம் அக்கறையோடு அமைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள். வீட்டைக் கொண்டுவர முடிந்தது. வீட்டின் மேல் இருந்த கடனைக் கொண்டுவருவதற்கு அருங்காட்சியகத்திடம் வழி இல்லை.

அந்த வழி இலக்கியத்திடம் இருந்தது. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) தறியையும் பசியையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்துப் பேசிய நாவல். அதுவும் கடல் கடந்தது, செக் மொழியில் பெயர்ந்து. பிராக் நகரத்து வாசகருக்குத் துணியோடு பசியும் போய்ச் சேர்ந்தது என்பது சாதாரண விஷயமா? நாவலின் கலைக் குறைகளைப் பட்டியல் போட்ட நம் விமர்சன மரபு, இதைப் போதுமான அளவு யோசிக்கவில்லை.

5

கடைக்குப் போவோம். வெளிநாட்டுக் கைவினைக் கடைகளுக்கு இப்போது ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. துணியோடு ஒரு சீட்டு தொங்கும். அதில் நெய்தவரின் சிரித்த முகம், ஊர், ஒரு சின்னக் கதை. பெயர்ச்சீட்டில் பெயரே இல்லை என்று குறைப்பட்ட நாம் இதைக் கண்டு மகிழ வேண்டும் இல்லையா? கொஞ்சம் பொறுக்கலாம். அந்தச் சீட்டில் விலை இருக்கும், விலையில் அவர் பங்கு இருக்காது. முகம் இப்போது சரக்கின் பகுதியாகிவிட்டது, முந்தானையின் மயில் மாதிரி. காஞ்சிபுரத்தின் பெரிய ஜவுளிக் கடைகள் சிலவற்றில் சுற்றுலாக்காரருக்காக ஒரு தறி போட்டு வைப்பதும் இதே வகை. தறி ஓடும், புகைப்படம் எடுக்கலாம், கேள்வி கேட்கலாம். கூலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் கடைச் சிப்பந்தி முந்திக்கொண்டு பதில் சொல்வார்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. 2015 ஆகஸ்ட் 7 அன்று முதல் தேசியக் கைத்தறி நாள் சென்னையில்தான் கொண்டாடப்பட்டது. 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயை எட்டவில்லை. நாளைக் கொண்டாடுவதும் வாரியத்தைக் கலைப்பதும் ஐந்து வருஷ இடைவெளியில் நடந்தன. பாரம்பரியம் என்ற சொல் மேலே போகப் போக, அதைச் செய்கிறவரின் பேரம் பேசும் இடம் கீழே போகிறது. அருங்காட்சியகமும் கடையும் அரசும் ஒரே சொல்லாடலில் சந்திக்கும் இடம் இது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய புடவைகளைத் தேடி எடுத்து மறுபடி நெய்யவைத்த கலாக்ஷேத்ராவின் முயற்சியும், 1950களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களும் பல தறிகளுக்கு வேலை கொடுத்தன. சேகரித்தது மீண்டும் தறிக்குத் திரும்பியது. அருங்காட்சியகம் வேண்டாம் என்பதல்ல வாதம். அங்கிருந்து தறிக்குத் திரும்பியவை வடிவங்களும் நிறங்களும்தான். பெட்டிக்குள் போகும்போதே உதிர்ந்துபோன உழைப்பு உறவு, திரும்பி வரும்போதும் பேச்சில் வரவில்லை.

6

துணியை வெட்டுகிற இன்னொரு கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையைச் சுற்றியும் ஆந்திரக் கரையோரமும் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி, 'மெட்ராஸ்' என்ற பெயரில் நெடுங்காலமாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரிப் பெண்கள் அந்தத் துணியைச் சும்மா உடுத்தவில்லை. குறிப்பிட்ட இழைகளைக் கூரிய கத்தியால் வெட்டி உருவி, கட்டங்களுக்குள் புதிய உருவங்களை வரவழைத்தார்கள். அதற்குத் தங்கள் மொழியில் 'பெலெத்தே பித்தே' என்று பெயரும் வைத்தார்கள். வெட்டிய துணி எங்கள் துணி. சாவுச் சடங்கிலும் ஆவிக்கூத்திலும் அது அவர்களுடையதாகவே இருக்கிறது.

வாட்சனின் கத்தரியும் கலபாரிப் பெண்ணின் கத்தியும் வெட்டியது ஒரே வகைத் துணியைத்தான். ஒன்று உடம்பிலிருந்து பிரித்து மாதிரியாக்கியது. மற்றது இன்னோர் உடம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தத் துணிகளும் மேற்கத்திய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கூடத்தில். நம் பயணி 'நைஜீரியா' என்ற எழுத்தைப் பார்த்ததும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார். அவருடைய 'நம்ம'வுக்குள் மதராஸ் நெசவாளருக்கும் கலபாரிப் பெண்ணுக்கும் இடமில்லை. தன்னைப் போலவே தூரத்திலிருந்து துணியைப் பார்க்கிற வெள்ளைப் பார்வையாளருக்கு மட்டும் இடம் இருக்கிறது.

உத்திரமேரூருக்கும் பார்வையாளர்கள் வருகிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஜனநாயகத்தின் ஊற்று என்று சொல்லிக் கூட்டி வருவார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் விழாவிலும் இந்த ஊர்ப் பெயர் ஒலித்தது. சுவரை வாசித்தால் அது வேறு பேசுகிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். குடத்துக்குள் யார் பெயர் போகும், யார் பெயர் போகாது என்பதைக் கல் வெட்டவெளிச்சமாக எழுதிவைத்திருக்கிறது. அந்தக் கல்லைப் பற்றிப் பேசும் நவீனப் பெருமிதம்தான் அந்த வரிகளைத் தாண்டிப் போகிறது.

துணியின் பெயர்ச்சீட்டிடம் நாம் கேட்பது அந்தக் கல்வெட்டின் நேர்மையைத்தான். தூரதேசம் போகிற நண்பர்கள் கண்ணாடிக்கு முன்னால் நெகிழட்டும், அதோடு மூன்று கேள்வியும் கேட்கட்டும். இதை நெய்ய எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்? இரண்டாவது ஆளுக்கு என்ன வயது? பாவு யாருடையது? பதில் தெரியாது என்று அருங்காட்சியகம் சொன்னால், தெரியாது என்பதையே பெயர்ச்சீட்டில் எழுதச் சொல்லலாம். பருத்தி, 18ஆம் நூற்றாண்டு, சோழமண்டலக் கரை, நெய்தவர் பெயரையும் கூலியையும் யாரும் குறித்து வைக்கவில்லை என்று. ஊருக்குத் திரும்பியதும் அதே மூன்று கேள்வியைக் காஞ்சிபுரத்து ஜவுளிக் கடையிலும் கேட்கட்டும். அங்கே பதில் தெரிந்தவர்கள் இன்னமும் உயிரோடு இருக்கிறார்கள்.